"ஊசி போட்டா நான் ஜெயிலுக்குப் போவேனா டாக்டர்?" – ஒரு ஸ்கூல் நர்ஸோட கடிதத்துக்கு பதில்

கடிதம் எழுதின சிஸ்டரோட பேர், ஸ்கூல் பேர் எதுவும் இங்க போடல. ஆளை அடையாளம் தெரியுற மாதிரி இருந்த ரெண்டு மூணு விஷயத்தை மாத்தியும் இருக்கேன். அவங்க எழுதினதோட சுருக்கம் இதுதான்.

வயசு 31. டி.ஜி.என்.எம். முடிச்சிட்டு ஆறு வருஷம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.ல இருந்தவங்க. பையனுக்கு ரெண்டு வயசானப்ப நைட் டூட்டி ஒத்து வரலைன்னு விட்டுட்டு திருப்பூர் பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல சேந்து ரெண்டு வருஷம் ஆகுது. 1400 பிள்ளைங்களுக்கு ஒரே நர்ஸ். சிக் ரூம் மாடிப்படிக்குக் கீழ, ரெண்டு கட்டில், ஒரு பீரோ. ஒரு நாளைக்கு 30, 40 பிள்ளைங்க வருவாங்களாம், திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் பீரியடும் டெஸ்ட் நாளும் இன்னும் ஜாஸ்தி. வயித்துவலி, தலைவலி, மூக்குல ரத்தம், கிரவுண்டுல முட்டியைப் பேத்துக்கிட்டது, வேன்ல வாந்தி எடுத்த எல்.கே.ஜி. குட்டி, முதல் தடவை பீரியட்ஸ் வந்து பயந்து அழுவுற பொண்ணு, இதுக்கு நடுவுல அட்மிஷன் ஃபார்ம் எழுதுறது, சாயங்காலம் பஸ் டூட்டி.

பிரச்சனை ஜூன்ல ஆரம்பிச்சிருக்கு. நாலாவது படிக்குற ஒரு பொண்ணு, வயசு 9, எடை 24 கிலோ, டைப் 1 சர்க்கரை, அதாவது உடம்புல இன்சுலின் சுரக்காது, தினமும் ஊசியாத்தான் போடணும். அவங்க அம்மா ஒரு சின்ன பவுச்ல இன்சுலின் பேனா, குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் எல்லாம் போட்டு எடுத்துட்டு வந்து மத்தியான ஊசியை ஸ்கூல்ல போட முடியுமான்னு கேட்டிருக்காங்க. பிரின்சிபால், "ஊசி எல்லாம் ஸ்கூல்ல வேண்டாம், நீங்களே வந்து போட்டுட்டுப் போங்க"னு சொல்லிட்டாங்க. அந்த அம்மா பனியன் கம்பெனில செக்கிங் வேலை. தினமும் மத்தியானம் 12.30க்கு ஸ்கூட்டில வந்து கேட்ல நின்னு, ஊசி போட்டுட்டு ஓடுறாங்க, அதுல பாதி நாள் சம்பளம் போகுது.

ஆகஸ்ட்ல ஸ்போர்ட்ஸ் டே பிராக்டிஸ் அன்னிக்கு அந்தப் பொண்ணு திடீர்னு பேசாம நின்னுட்டா. ஓட சொன்னா ஓடல, கூப்பிட்டா திரும்பல. பி.டி. சார் அடம் பிடிக்கிறான்னு நெனச்சிருக்கார். கூட்டாளி பொண்ணு ஒரு சாக்லேட் குடுத்திருக்கா. அப்புறம் ஆயாம்மா கையைப் பிடிச்சு ரெண்டு மாடி நடத்திக் கூட்டிட்டு வந்தாங்க. "சட்டை முழுக்க நனைஞ்சிருந்துச்சு டாக்டர், கையில ஸ்கிப்பிங் கயிறு, விடவே மாட்டேங்குறா, விரலை ஒவ்வொண்ணா பிரிச்சுத்தான் எடுத்தேன்"னு எழுதியிருக்காங்க. அவ பையில இருந்த மீட்டர்லயே பாத்தா 48. சர்க்கரைத் தண்ணி குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு பாத்தா 83.

அடுத்த நாள் மெமோ. அனுமதி இல்லாம பிள்ளையோட விரல்ல ஏன் குத்தினீங்க, விளக்கம் குடுங்கன்னு. இதெல்லாம் ரிஜிஸ்டர்ல எழுத வேண்டாம்னு வாய் வார்த்தையா சொல்லியிருக்காங்க, இவங்களும் பயந்துபோய் "தலைவலி, ரெஸ்ட்"னு மட்டும் எழுதி வச்சிட்டாங்க. ஆனா அந்த அம்மா அன்னிக்கு ராத்திரி மீட்டரைத் திறந்து பாத்து 48ஐ பாத்துட்டு, மறுநாள் கேட்லயே அழுதுட்டு, "மிஸ், நீங்களே போட்டு விட்டுருங்க மிஸ்"னு கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் உனக்கு எதுக்கு வம்புங்குறார். நான் செஞ்சது தப்பா, இன்சுலின் போட்டா கேஸ் வருமா, பேசாம ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போயிடட்டுமா, இதுதான் கேள்வி.

சிஸ்டர், முதல்ல அந்த 48 பத்தி. 70க்குக் கீழ போனாலே லோ, 54க்குக் கீழன்னா அது சீரியஸ். மூளைக்கு முக்கியமான சாப்பாடு குளுக்கோஸ்தான். அது கிடைக்கலன்னா பிள்ளை பேச மாட்டா, திரும்ப மாட்டா, சில பிள்ளைங்க கோவமா கத்தும், சிலது சிரிக்கும், அடுத்தது ஃபிட்ஸ், மயக்கம். நீங்க ஸ்கூல் அனுமதிக்காகவோ அம்மா ஃபோன் எடுக்கணும்னோ காத்திருந்தீங்கன்னா என்ன ஆயிருக்கும்னு ஐ.சி.யூ.ல இருந்த உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. அந்த மீட்டரை அந்த அம்மா பையில வச்சு அனுப்பினதே பாக்குறதுக்குத்தான், அந்தப் பொண்ணு வீட்ல ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை தானே குத்திப் பாக்குற விரல் அது. நீங்க செஞ்சது சரி. இதுல ரெண்டாவது பேச்சே இல்ல.

ஆனா அன்னிக்கு நடந்ததுல ரெண்டு விஷயம் மாறணும், அது உங்க தப்பு இல்ல, யாரும் அவங்களுக்கு சொல்லித் தரல. ஒண்ணு, சாக்லேட். சாக்லேட்ல கொழுப்பு இருக்கு, அதனால சர்க்கரை மெதுவாத்தான் ரத்தத்துல ஏறும். லோவுக்கு வேணும்கிறது குளுக்கோஸ் பவுடரோ, சாதா சர்க்கரை ரெண்டு மூணு டீஸ்பூன் தண்ணில கலக்கினதோ, இல்ல டப்பா ஜூஸோ. ரெண்டாவது, நடத்திக் கூட்டிட்டு வந்தது. லோல இருக்குற பிள்ளை ஒரு அடி கூட நடக்கக்கூடாது, நடந்தா இன்னும் இறங்கும், மாடிப்படியில மயங்கி விழுந்தா மண்டை உடையும். பிள்ளை சர்க்கரையைத் தேடி வரக்கூடாது, சர்க்கரைதான் கிரவுண்டுக்குப் போகணும். 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாக்கணும், 70 தாண்டலன்னா இன்னொரு தடவை குடுக்கணும், தாண்டினப்புறம் பிஸ்கட் மாதிரி ஏதாவது குடுத்து பக்கத்துலயே உக்கார வைக்கணும், அன்னிக்கு திரும்ப ஓட விடக்கூடாது. நினைவே இல்லன்னா வாயில எதுவும் ஊத்தக்கூடாது, ஒருக்களிச்சு படுக்க வச்சிட்டு, டாக்டர் எழுதிக் குடுத்த குளுககான் ஊசி (ரத்தத்துல சர்க்கரையை ஏத்துற ஊசி) கைவசம் இருந்தா போட்டுட்டு, 108.

ரிஜிஸ்டர்ல எழுதாம விட்டது

நீங்க செஞ்சதுல எனக்கு வருத்தம் இருக்குறது இந்த ஒரு விஷயத்துல மட்டும்தான், அதை மறைக்காம சொல்லிடறேன். எழுதலன்னா நம்ம மேல வராதுன்னு நெனச்சிருக்கீங்க. உண்மை அப்படியே தலைகீழ். சரியா செஞ்ச வேலைக்கு உங்ககிட்ட இருந்த ஒரே சாட்சி அந்த ரிஜிஸ்டர்தான். இப்போ மீட்டர் மெமரில 48ம் 83ம் தேதி நேரத்தோட பதிஞ்சு கிடக்கு, உங்க ரிஜிஸ்டர்ல தலைவலின்னு இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறவங்களுக்கு யார் மேல சந்தேகம் வரும்? உயிரைக் காப்பாத்தின ஆளு மேல.

சரி பண்ண வழி இருக்கு. பழைய வரியை அடிக்கக்கூடாது, வொயிட்னர் கூடவே கூடாது, பக்கத்தைக் கிழிக்கவும் கூடாது. இன்னிக்கு தேதியில புது வரியில "தாமதப் பதிவு"னு தலைப்பு போட்டு, எந்த தேதி எந்த நேரத்துல நடந்ததுன்னு சொல்லி, பிள்ளை என்ன நிலைமைல வந்தா, மீட்டர்ல எவ்வளவு, என்ன குடுத்தீங்க, எத்தனை நிமிஷம் கழிச்சு எவ்வளவு, யார் கூட இருந்தாங்க, எல்லாத்தையும் எழுதி கையெழுத்து போடுங்க. அன்னிக்கு முழுசா எழுதலங்குறதையும் ஒரு வரி ஒத்துக்கோங்க. யாரையும் குத்தம் சொல்லி எழுத வேண்டாம், நடந்தது மட்டும்.

மெமோவுக்கும் பதில் எழுத்துல குடுங்க, இதே விவரத்தோட, அரைப் பக்கத்துக்கு மேல வேண்டாம். "இனிமே இப்படி செய்ய மாட்டேன்"னு மட்டும் எழுதிடாதீங்க, ஏன்னா இனிமேலும் அதைத்தான் செய்யணும். காப்பி ஒண்ணு எடுத்து, வாங்கிக்கிட்டதா கையெழுத்தும் தேதியும் வாங்கி வீட்ல வைங்க. விஷயம் வேலையை விட்டு எடுக்குற அளவுக்குப் போச்சுன்னா அப்போ ஒரு வக்கீலைப் பாத்துட்டுத்தான் அடுத்த பேப்பர்ல கையெழுத்து போடணும்.

ஜெயில், கேஸ் பயம்

நான் டாக்டர், வக்கீல் இல்ல, ஆனா முப்பது வருஷமா இந்தப் பயத்தோடயே வேலை பாக்குற ஆளுங்குறதால தெரிஞ்சதை சொல்றேன். நீங்க தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல பதிவு பண்ணின நர்ஸ். டாக்டர் எழுத்துல குடுத்த டோஸை, பெத்தவங்க சம்மதத்தோட, தோலுக்கு அடியில போடுறது உங்க படிப்புக்குள்ள இருக்குற வேலை, படிக்காத அம்மாவே வீட்ல தினமும் நாலு தடவை போடுற ஊசி. 12 வயசுக்குக் கீழ இருக்குற குழந்தைக்கு, பெத்தவங்க சம்மதத்தோட, அதோட நல்லதுக்காக நல்லெண்ணத்தோட செய்யுறது குத்தம் ஆகாதுன்னு பாரதிய நியாய சன்ஹிதா 27வது பிரிவு சொல்லுது. சம்மதம் வாங்கவே நேரமில்லாத அவசரத்துல செஞ்சதுக்கு 30வது பிரிவு. 2024 ஜூலைக்கு முன்னாடி இதே விஷயம் இந்திய தண்டனைச் சட்டத்துல 89, 92ன்னு இருந்துச்சு, ரொம்பப் பழைய பாதுகாப்புதான்.

இதுக்கு அர்த்தம் யாரும் உங்க மேல புகாரே குடுக்க முடியாதுன்னு இல்ல, அப்படி ஒரு வாக்குறுதி யாராலயும் தர முடியாது. டோஸை மாத்திப் போட்டா, சாப்பாடு வராம ஊசி போட்டா, போட்டதை எழுதாம விட்டா, அது கவனக்குறைவுதான், அதுக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. ஆனா தெரிஞ்சும் கையைக் கட்டிட்டு நின்னாலும் கேள்வி வரும், பயிற்சி பெற்ற நர்ஸ் பக்கத்துல இருந்தும் ஏன் ஒண்ணும் செய்யலன்னு. உங்க வீட்டுக்காரர் சொல்ற "எதுக்கு வம்பு" பாதுகாப்பான வழின்னு தோணும், ஆனா அதுல பிள்ளைக்கும் பாதுகாப்பு இல்ல, உங்களுக்கும் இல்ல. அவர் சொல்றது உங்க மேல இருக்குற அக்கறைல, அதனால கோவிச்சுக்காம, எழுத்துல என்னென்ன வாங்கிட்டு செய்யப்போறேன்னு அவர்கிட்டயும் காட்டுங்க.

சரி, ஊசியை யார் போடுறது

நாலு வழி இருக்கு. அம்மாவே தினமும் வர்றது, இப்போ நடக்குறது. இது ஓடாது. பஞ்சர் ஆனா, மழை வந்தா, ஷிப்ட் மாறினா அந்தப் பிள்ளைக்கு சாப்பாடும் தள்ளிப் போகும், ஊசியும் தள்ளிப் போகும், கடைசில அம்மா வேலையை விடுவாங்க இல்ல பிள்ளையை ஸ்கூல்ல இருந்து நிறுத்துவாங்க. ரெண்டாவது, மத்தியான ஊசி இல்லாம காலையும் ராத்திரியும் மட்டும் போடுற கலவை இன்சுலினுக்கு மாத்தச் சொல்றது. சில குடும்பத்துக்கு வேற வழி இல்லாம நாங்களும் எழுதுறோம், ஆனா அதுல சாப்பாட்டு நேரம் கொஞ்சம் தவறினாலும் மத்தியானத்துக்கு முன்னாடி லோ ஆகும், கரெக்டா பிராக்டிஸ் நேரத்துல. ஸ்கூலுக்கு சௌகரியம்னு ஒரு பிள்ளையோட மருந்தை மாத்துறது எனக்கு மனசு ஒப்பாது. மூணாவது, உடம்புல மாட்டிக்கிற இன்சுலின் பம்ப், செலவு அந்தக் குடும்பத்துக்கு எட்டாது.

எனக்குப் பிடிச்சது நாலாவது. பிள்ளையே போட்டுக்கட்டும், நீங்க பக்கத்துல நின்னு நம்பரைப் பாருங்க. 9 வயசுல பேனா ஊசியைத் தானே குத்திக்கிற பிள்ளைங்க என் கிளினிக்ல நெறைய பேர் இருக்காங்க, குத்துறதுக்கு அவங்க பயப்படுறதே இல்ல. அந்த வயசுல தப்பு வர்றது நம்பர் திருப்புறதுலயும் அவசரத்துலயும்தான். சுகர் பாத்தாச்சா, டப்பா திறந்தாச்சா, சாப்பாடு கண்ணுக்கு முன்னாடி இருக்கா, டயல்ல எத்தனை யூனிட், ரெண்டு பேரும் சத்தமா சொல்லணும், அப்புறம் குத்தி, பட்டனை அமுக்கி, ஊசியை எடுக்காம பத்து எண்ணணும். மொத்தம் அஞ்சு நிமிஷம். பிரின்சிபாலோட பயம் "நர்ஸ் ஊசி போட்டாங்க"ங்குற வார்த்தைலதான் இருக்குன்னா இதுல அந்த வார்த்தையே வராது. அவளுக்குக் கை நடுங்குற நாள்ல, காய்ச்சல் நாள்ல நீங்க போடலாம்னு அதே பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க.

டப்பாவைப் பாதியில மூடி வைக்கிற பழக்கம் இருக்கான்னு அம்மாகிட்ட கேளுங்க. அப்படின்னா சாப்பிட்டு முடிச்ச உடனே ஊசி போடலாமா, எத்தனை யூனிட் குறைக்கணும்னு அவங்க டாக்டர்தான் சொல்லணும், நீங்களா கூட்டவோ குறைக்கவோ கூடாது.

இன்னொரு விஷயம், இது நம்ம ஊர்ல அடிக்கடி நடக்குற ஆபத்து. பேனா தீந்து போய் ஒரு நாள் அம்மா குப்பியும் சிரிஞ்சும் குடுத்து விடலாம். நம்ம நாட்டுல இன்சுலின் குப்பி ஒரு எம்.எல்.க்கு 40 யூனிட்லயும் வரும், 100 யூனிட்லயும் வரும். 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியை சிவப்பு மூடி சிரிஞ்ச்ல எடுத்தா ரெண்டரை மடங்கு உள்ள போயிடும். மூடி கலரும் குப்பி நம்பரும் ஒத்துப் போகலன்னா போடாதீங்க, ஃபோன் பண்ணுங்க.

பிரின்சிபாலைப் பாக்கறதுக்கு முன்னாடி

வெறும் கையோட போனா "ஊசி வேண்டாம்"ல தான் பேச்சு முடியும். அந்த அம்மாவை அவங்க டாக்டர்கிட்ட அனுப்பி ஒரே பக்கத்துல ஸ்கூல் பிளான் எழுதி வாங்குங்க, எந்த நேரம் சுகர் பாக்கணும், எவ்வளவு இருந்தா எத்தனை யூனிட், பி.டி. பீரியடுக்கு முன்னாடி என்ன சாப்பிடணும், லோ ஆனா என்ன, 250க்கு மேல போய் வாந்தியோ வயித்துவலியோ இருந்தா யாருக்கு ஃபோன். கீழ அப்பா அம்மா கையெழுத்து. நீங்க லீவுல இருக்குற நாளைக்கு யாருன்னு ஒரு டீச்சர் பேரும் அதுல இருக்கணும், நீங்க கூப்பிட்டு ரெண்டு நாள் சொல்லிக் குடுங்க.

கூடவே இதையும் சொல்லுங்க. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023லயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கு, டைப் 1 பிள்ளைங்க ஸ்கூல்ல சுகர் பாக்கவும் ஊசி போட்டுக்கவும் நடுவுல ஏதாவது சாப்பிடவும் விடணும்னு. சி.பி.எஸ்.இ. 2017லயே போர்டு எக்ஸாம் ஹாலுக்குள்ள இந்தப் பிள்ளைங்க சாப்பிட எடுத்துட்டுப் போகலாம்னு சுற்றறிக்கை விட்டுச்சு. உங்களுது மெட்ரிக், சி.பி.எஸ்.இ. சொன்னது நேரடியா கட்டாது, ஆனா பரிட்சை ஹால்லயே விடுறாங்கன்னா சிக் ரூம்ல என்ன தடைன்னு கேக்கலாம். பிரின்சிபாலை எதிரியா நெனச்சு போகாதீங்க. 1400 பிள்ளைங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளு, ஊசின்னா அவங்க மனசுல ஓடுறது வேற படம். அந்தப் பொண்ணையே கூட்டிட்டுப் போய் பேனாவைக் காட்டச் சொல்லுங்க, ஊசி எவ்வளவு சின்னதுன்னு பாத்தா பாதி பயம் போயிடும்.

பீரோல வைக்கிறதுக்கு ஒரு சின்ன குறிப்பு. திறந்த பேனா வெளிய நாலு வாரம் தாங்கும், ஆனா 30 டிகிரிக்குள்ள. ஏப்ரல் மாசம் மாடிப்படிக்குக் கீழ இருக்குற ஸ்டீல் பீரோ அவ்வளவு கூலா இருக்காது. ஃப்ரிட்ஜ் இல்லன்னா ஒரு மண்பானைல ஈர மணல் போட்டு, அதுக்குள்ள சின்ன மூடி போட்ட டப்பால வைங்க, கிராமத்துல என் பேஷண்ட்ஸ் எல்லாம் அப்படித்தான் வச்சிருக்காங்க. ஃப்ரீசர்ல மட்டும் வச்சிடாதீங்க. யூஸ் பண்ணின ஊசி குப்பைத் தொட்டிக்குப் போகக்கூடாது, கெட்டி பிளாஸ்டிக் டப்பால சேத்து ஆஸ்பத்திரிக்குக் குடுத்து விடணும்.

"நடிக்குறான், ஒரு டோலோ குடுத்து அனுப்புங்க"

கடிதத்தோட கடைசில போற போக்குல எழுதியிருக்கீங்க, டீச்சர்ஸ் எல்லாத்துக்கும் பாராசிட்டமால் குடுத்து க்ளாஸுக்கு அனுப்பச் சொல்றாங்கன்னு. இது போற போக்குல சொல்ற விஷயம் இல்ல சிஸ்டர். பாராசிட்டமால் ஒரு தடவைக்கு கிலோவுக்கு 10லேருந்து 15 மி.கி., நாலுலேருந்து ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல இல்ல. சிரப்ல 5 எம்.எல்.க்கு 125ன்னும் இருக்கு, 250ன்னும் இருக்கு, ரெண்டு பாட்டிலும் ஒரே கலர் அட்டைல பீரோல நிக்கும். ஒரே ஒரு அளவை மட்டும் ஸ்டாக் வைங்க. அதைவிட முக்கியம், காலைல வீட்ல என்ன குடுத்தாங்கன்னு கேக்காம எதுவும் குடுக்காதீங்க, காய்ச்சலோட இருக்குற பிள்ளைக்கு ஏழு மணிக்கு ஒரு டோஸ் குடுத்துட்டு பஸ் ஏத்தி விடுற வீடு எத்தனையோ இருக்கு, லீவு போட முடியாத அம்மா அப்பா அவங்க, பாவம். பத்து மணிக்கு நீங்களும் ஒண்ணு குடுத்தா என்ன ஆகும். ஆஸ்பிரின், நிமசுலைடு சிக் ரூம்ல இருக்கவே கூடாது, 12 வயசுக்குக் கீழ நிமசுலைடு 2011லேருந்து தடை. டெங்கு சீசன்ல ஐபுப்ரோஃபென்னும் வேண்டாம்.

நடிக்கிறாங்குறதும் எனக்கு ஒத்துக்க முடியாத வார்த்தை. காலைல சாப்பிடாம வந்தா தலைவலிக்கும். ஸ்கூல் டாய்லெட் நாறுதுன்னு காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கி வச்சிருக்குற பிள்ளைக்கு மலச்சிக்கல்ல வயித்துவலி நிஜமாவே வரும், ஸ்கூல் வயசுல நாங்க பாக்குற வயித்துவலில அது ஒரு பெரிய பங்கு. பல வருஷத்துக்கு முன்னாடி என்கிட்ட ஒரு 7 வயசுப் பையன் வந்தான், மூச்சு வாங்கிட்டு, கண்ணு உள்ள போய், வாயில அழுகின பழ வாசனையோட. சுகர் 500க்கு மேல, இன்சுலின் இல்லாம கீட்டோன் ஏறி ரத்தமே ஆசிட் ஆயிடுச்சு. மூணு வாரமா க்ளாஸ்ல அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும்னு கேட்டிருக்கான், பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சிருக்காங்க. அவனோட வாட்டர் பாட்டில் ஒரு நாளைக்கு அஞ்சு தடவை காலியானதை யாரும் எண்ணல. பிழைச்சிட்டான். ஆனா அவனை மூணு வாரம் முன்னாடியே கண்டுபிடிச்சிருக்க வேண்டிய இடம் என் ஐ.சி.யூ. இல்ல, உங்கள மாதிரி ஒருத்தங்க இருக்குற சிக் ரூம்.

அதுக்குத்தான் ரிஜிஸ்டர்னு திரும்பத் திரும்ப சொல்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் அதைத் திருப்பிப் பாருங்க. ஒரே பிள்ளை, ஒரே பீரியட், நாலு தடவை வயித்துவலின்னா அந்த பீரியட்ல என்னமோ இருக்கு. மெதுவா, கதவைப் பாதி திறந்து வச்சு, தனியா உக்கார வச்சு கேளுங்க. தப்பா தொட்டாங்கன்னு ஒரு பிள்ளை சொல்லிடுச்சுன்னா, இல்ல அப்படி நம்ப காரணம் இருந்தா, போக்சோ சட்டம் 19வது பிரிவுப்படி போலீஸுக்கு சொல்றது உங்க பொறுப்பு, பிரின்சிபால்கிட்ட சொல்லிட்டேன்னு சொன்னா கடமை முடியாது. சொல்லாம விட்டா 21வது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. குழந்தைகள் உதவி எண் 1098, எப்பவும் எடுப்பாங்க. நீங்க ஊசிக்கு பயந்தீங்க, சட்டம் உண்மையில வாய் மூடி இருக்குறதுக்குத்தான் தண்டனை வச்சிருக்கு.

வேலையை விடுறதா

ஆஸ்பத்திரிக்குப் போறது தப்பே இல்ல, சம்பளம் நல்லா இருக்கும், கூட நாலு பேர் இருப்பாங்க, முடிவு உங்களோடது. ஆனா ஸ்கூல்ல நம்ம படிப்பு வீணாப் போகுதுன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். 1902ல நியூயார்க்ல லீனா ராஜர்ஸ்னு ஒரு நர்ஸை நாலு ஸ்கூலுக்குப் போட்டாங்க. அதுக்கு முன்னாடி டாக்டர்ங்க வந்து படை, சிரங்கு, கண் நோய், பேன்னு பாத்து பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பிட்டுப் போயிடுவாங்க, அந்தப் பிள்ளைங்க தெருவுல விளையாடிட்டு இருக்கும், மருந்து போட ஆள் கிடையாது. அவங்க ஸ்கூல்லயே மருந்து போட்டாங்க, வீட்டுக்குப் போய் அம்மாங்களுக்கு சொல்லிக் குடுத்தாங்க. நர்ஸுங்களை இன்னும் நெறைய ஸ்கூலுக்குப் போட்டு ஒரு வருஷத்துல, வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைங்க கணக்கு கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கா குறைஞ்சிடுச்சு. ஸ்கூல் நர்ஸுங்குற வேலை பிறந்ததே பிள்ளை வீட்ல இல்லாம வகுப்புல இருக்கணும்னுதான். உங்க நாலாவது படிக்கிற பொண்ணு விஷயமும் அதுதானே.

பேப்பர் எல்லாம் கையில வச்சுப் பேசியும், லோ ஆனாலும் தொடாதே, ரிஜிஸ்டர்ல பொய் எழுதுன்னு சொன்னா, அப்போ விட்டுடுங்க, அந்த மாதிரி இடத்துல உங்க பதிவுக்கே ஆபத்து. அதுக்கு முன்னாடி பயத்துல விடாதீங்க.

நாளைக்கு காலைல பிரேயருக்கு முன்னாடி ஒரு வேலை. எந்தக் கையெழுத்தும் வேண்டாம் இதுக்கு. கால் கிலோ குளுக்கோஸ் பாக்கெட் ஒண்ணை வாங்கி, சின்ன ஜிப் கவர்ல பிரிச்சுப் போட்டு, ஒண்ணு க்ளாஸ் டீச்சர் மேஜைல, ஒண்ணு அந்தப் பொண்ணோட பையில, ஒண்ணு பஸ் அண்ணன்கிட்ட, ஒண்ணு பி.டி. சார் விசில் வச்சிருக்குற பவுச்ல. அவர்கிட்ட குடுக்கும்போது அந்த ஸ்கிப்பிங் கயிறு கதையை சொல்லுங்க, கோவமா இல்ல, அவருக்குத் தெரியாமத்தான் நடந்துச்சு. அவ பேசாம நின்னா அடம் இல்ல சார், வாயில இதைப் போட்டுட்டு என்னைக் கூப்பிடுங்க, நான் ஓடி வர்றேன்னு சொல்லுங்க.